பதில் வராத சலாம்

அத்தியாயம் 17

டேங்கர் நின்றுவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கதையை அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனதற்கு என்னை எத்தனை பேர் திட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ரஹ்மத்துல்லாவுக்கு உயிருக்கு ஒன்றும் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, வெள்ளைச் சட்டையில் சேறு, அவ்வளவுதான்.

ஆனால் பம்பாயில் தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு தண்ணீர் டேங்கர் பீப் பீப் என்று கத்திக்கொண்டே பின்பக்கமாக வருகிறது. மனுஷன் அதற்கு நேராக நின்றுகொண்டு சாவகாசமாகக் கைக்குட்டையை மடிக்கிறார். கிளீனர் வண்டியின் தகரத்தில் படபடவென்று தட்டின பிறகுதான் திரும்பினாராம். சாயங்காலத்துக்குள் இந்தச் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் மனைவி நூர் நிஷா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழம காலையில காதக் காட்டியே ஆவணும். இல்லன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியாது, சொல்லிட்டேன்!"

மகன் அப்துல் ஹாதி மாட்டுங்காவில் ஒரு காது கிளினிக்கில் பத்தரை மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தான். ஆனால் அவனுக்கு ஐரோலியில் ஆபீஸ், லீவு கிடையாது. உம்மாவுக்கு முட்டி வலி. ஆக, வாப்பாவை அழைத்துப் போகிற வேலை மகள் ஃபர்ஸானாவின் தலையில் விழுந்தது.

பெற்ற தகப்பனை டாக்டரிடம் கூட்டிப் போவது என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். அவர்கள் இருவரும் பேசி எட்டு மாதம் ஆகிறது.

அன்றைக்கு ஃபர்ஸானாவுக்கு வேறொரு வேலையும் இருந்தது. அவளுடைய முதல் ஆல்பம் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியாகிறது. பெயர் 'மெல்ல'. ஒன்பது பாட்டு. எழுதினது, மெட்டுப் போட்டது, பாடினது எல்லாம் அவளே. நாலு வருஷம் ஒரு பேண்டில் யாரோ பாடுகிற பாட்டுக்குப் பின்னால் நின்று ஆ ஆ என்று இழுத்தவள், இப்போதுதான் தனியாக முன்னால் வருகிறாள். அதற்காகத்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையை விட்டாள். அன்றைக்குத்தான் வாப்பா கத்தினார்.

"பாட்டும் கூத்தும் வெளியோட வச்சுக்கோ. இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் என் காதுல விழக்கூடாது!"

விழாமல்தான் பார்த்துக்கொண்டாள். பத்துக்குப் பன்னிரண்டு வீடு, அதற்கு மேலே குனிந்து நிற்கிற உயரத்தில் ஒரு மாடம். அந்த மாடத்தில் தோல்பைகளுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற ஃபோம் துண்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டினாள். சந்தில் இருக்கிற கார்கானாக்கள், அதாவது சின்னச் சின்னப் பட்டறைகள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும். அந்த ஒரு மணி நேரம் பஞ்சு வைத்த ரஜாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மைக்குக்கு வாயை ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடக் கேட்காதபடி பாடினாள். வியர்வை கண்ணில் இறங்கும். துடைத்தால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்று துடைக்காமல் பாடினாள்.

செம்பூரில் இருக்கிற அவள் தோழி வந்தனாதான் அதையெல்லாம் கோத்துச் சரிசெய்து கொடுத்தவள். முன்னாடியே கேட்ட இரண்டு பேர், 'என்ன மென்மை, என்ன மென்மை' என்று எழுதியிருந்தார்கள். அந்த மென்மைக்குக் காரணம் பயம் என்று ஃபர்ஸானா யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சண்டைகூடப் போகட்டும். அதற்கு மறுநாள் காலையில் நடந்ததுதான் அவளை முறித்துப் போட்டது. வாப்பா கார்கானாவுக்குப் புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டுவார், ஃபர்ஸானா எதிரே வந்து நின்று "அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா" என்பாள், அவர் "வஅலைக்கும் ஸலாம்" என்று சொல்லிவிட்டு இறங்குவார். பேச்சு வந்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம். அன்று அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளேயிருந்தே சொன்னாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பதில் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். சலாம் சொல்வதாவது அவரவர் விருப்பம், பதில் சொல்வது கடமை. பரம எதிரி சொன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். அதைக்கூட மகளுக்குச் சொல்லாத மனுஷனிடம் இனி என்ன பேசுவது? அவள் சலாத்தை மட்டும் விடாமல் சொன்னாள், நாளுக்கு நாள் குரல் தேய்ந்துகொண்டே போனது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அதுதான். பெயரே 'பதில் வராத சலாம்'.

* * *

டாக்ஸியில் வாப்பா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஃபர்ஸானா பின்னால். சயான் தாண்டும் வரை அவருடைய தொப்பியின் விளிம்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிங்ஸ் சர்க்கிளில் பூக்கடைக்கு மேலே முதல் மாடி கிளினிக். அங்கே காது பரிசோதிப்பவள் ஷ்யாமளா என்று ஐம்பது வயசு அம்மாள், பிறந்தது முதல் மாட்டுங்கா.

"வாங்கோ, உக்காருங்கோ. என்ன வேலை பண்றேள்?"

வாப்பா அவள் உதட்டையே உற்றுப் பார்த்தார்.

"தோல்பைக்கு வைக்கிற பக்கிள், கொக்கி... தகரத்துல அடிக்கிற பிரஸ் மிஷினும்மா. முப்பத்தஞ்சு வருசம்."

"காதுல ஏதாவது வெச்சுப்பேளா, அடிக்கும்போது?"

"பீடியத்தான் வைப்பேன்" என்று சிரித்தார் வாப்பா. ஃபர்ஸானா அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

கண்ணாடி அறையில் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் ஷ்யாமளா. சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வாப்பா மளமளவென்று அமுக்கினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபர்ஸானாவுக்குக்கூட, 'காது நன்றாகத்தானே இருக்கிறது, எல்லாம் திமிர்' என்று தோன்றிவிட்டது.

ஷ்யாமளா ஐந்து நிமிஷம் போனதும் புருவத்தைச் சுருக்கினாள். ஒரு அட்டையை எடுத்துத் தன் கைக்கு முன்னால் மறைப்பாக வைத்துக்கொண்டாள். அதற்கு அப்புறம் வாப்பா ஒரு முறைகூட அமுக்கவில்லை.

"என் கையைப் பாத்துண்டு அமுக்கியிருக்கார்" என்றாள் ஃபர்ஸானாவிடம், மெல்ல. "ரொம்ப நாளாவே இப்படித்தான் சமாளிச்சிண்டிருக்கணும். வாயைப் பாத்து, கையைப் பாத்து, மூஞ்சியைப் பாத்து."

"வீட்டில எல்லார்ட்டயும் வாப்பா நல்லாத்தான் பேசுறாங்க."

"ஆத்துல எல்லாரும் கத்திப் பேசுவாளா?"

ஃபர்ஸானா யோசித்தாள். உம்மா பேசினால் மூணாவது சந்தில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். ஹாதி ஃபோன் பண்ணினால் ஸ்பீக்கர் அலறும். கார்கானாவில் கத்தாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. டீக்கடை முகைதீனின் தொண்டை ஊரறிந்தது. மெதுவாகப் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றாள் ஷ்யாமளா. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வாப்பாவை இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னாள். "நீ பின்னாடி போய் நின்னுக்கோ. ஆத்துல எப்பவும் பேசற குரல்லே ஏதாவது சொல்லு. கேட்டா கையைத் தூக்கட்டும்."

ஃபர்ஸானா அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அதே முதுகு. என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா."

வாப்பா அசையவில்லை.

அவள் இன்னொரு முறை சொன்னாள். தினமும் சொல்வதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

வாப்பா ஷ்யாமளாவைப் பார்த்து, பொறுமையிழந்த குரலில் கேட்டார்: "எம்மவ இன்னும் ஒண்ணும் சொல்லலியே? சொல்லச் சொல்லுங்கம்மா. எங்கிட்டதான் அவ பேச மாட்டா. டெஸ்ட்டுக்காவது பேசச் சொல்லுங்க."

யா அல்லாஹ்! ஃபர்ஸானா சுவரைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதம். இருநூற்றுச் சொச்சம் காலைகள். அத்தனை நாளும் அவர் பதில் சொல்ல மறுக்கவில்லை. அவருக்கு அது வந்து சேரவே இல்லை.

ஷ்யாமளா வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். கனமான ஆண் குரல், யாராவது கத்துவது, தட்டுவது கேட்கும். மெல்லிய சத்தம், அதிலும் பெண் குரல், எட்டாது. மிஷின் சத்தத்தில் நரம்பு செத்துப்போயிருக்கிறது, இனி திரும்பாது.

"மிஷின் வெச்சுக் கேக்கலாம். சத்தம் வரும். வார்த்தை தெளிவா இருக்குமான்னா, கஷ்டம்தான்."

"பாட்டு?" என்றாள் ஃபர்ஸானா.

ஷ்யாமளா காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள்.

"சத்தமா இருக்கும்மா. பாட்டா இருக்காது. ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்றபடி உறையை நீட்டினாள்.

* * *

பூக்கடை ஓரமாக நடைபாதைக் கம்பியில் சாய்ந்துகொண்டு வாப்பாவே பேச்சை ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்ளா. ஒரு வருசமாத் தெரியும். காது கேக்காதவன் பிரஸ்ல கை வச்சா கை போயிரும்னு கார்கானாவுல உள்ளவன் பயப்படுவான். அதான் யாருட்டயும் சொல்லல. உங்க உம்மா கத்துத கத்துல காலம் ஓடிப்போச்சு."

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. அவர் அது போகும்வரை காத்திருந்தார்.

"நீ எங்கிட்ட சலாம் சொல்லுதத நிறுத்தின பாரு, அதுதான் தாங்கல. வேல விட்டத்துக்கு நான் கத்தினேன், தப்புதான். அதுக்காவ சலாம நிறுத்துவியா? தெனமும் செருப்ப மாட்டிக்கிட்டு ஒரு நிமிசம் நிப்பேன். இன்னிக்காவது சொல்லுவான்னு நிப்பேன். கடைசியில போயிருவேன்."

"சொன்னேன் வாப்பா" என்றாள் ஃபர்ஸானா.

"ஆ?"

"சொன்னேன்! தினமும் சொன்னேன்!" கத்தினாள். கத்திப் பழகாத குரல், பாதியிலேயே பிசிறிவிட்டது. பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். வாப்பாவுக்கு அப்போதும் புரியவில்லை. அவள் அவருக்கு முன்னால் போய் நின்று, தன் நெஞ்சைத் தொட்டு, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், அவர் முதுகுப் பக்கமாகக் கையைக் காட்டி, விரல்களை மடித்து மடித்து எண்ணினாள். தினமும். தினமும். தினமும்.

வாப்பாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. கைக்குட்டையை எடுத்தார், அதை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் பையில் வைத்தார்.

"சொன்னியா? நான் பதில் சொல்லாமப் போனேனா? எம் புள்ள சலாத்துக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"வஅலைக்கும் ஸலாம்" என்றார். உடனே இன்னொரு முறை சொன்னார். அப்புறம் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். விட்டுப்போன நாளையெல்லாம் அங்கேயே தீர்த்துவிடுகிறவர் மாதிரி, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில், கண்ணில் நீர் வழிய, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஃபர்ஸானா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஐந்து நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் அன்றைக்கு அவளுக்கு அது கிடைக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாப்பா கேட்டார்: "இன்னிக்கித்தான உன் பாட்டு வருது? ஆறு மணிக்கு?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"ஹாதி சொன்னான். கடைசிப் பாட்டு வாப்பாவுக்குன்னு எங்கியோ பேட்டியில சொல்லியிருக்கியாமே. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுளா. எங்கிட்ட பேச மாட்டேங்கா, பாட்டு மட்டும் எனக்கு எழுதியிருக்காளேன்னு. முகைதீன்ட்ட சொல்லிட்டேன், ஆறு மணிக்குக் கடையில பெரிய ஸ்பீக்கர்ல போடணும்னு. ஜும்மா முடிஞ்சதும் பள்ளிவாசல் வாசல்ல நின்னு எல்லாரையும் கூப்புடப் போறேன். எனக்குக் கேக்காட்டி என்ன? ஊரு கேட்டுட்டு எனக்குச் சொல்லட்டும்."

அந்தப் பாட்டு அவள் மனதில் வரிவரியாக ஓடியது.

*விடியும்போது சலாம் வச்சேன்*
*வாசப்படியில கெடக்குது*
*செருப்ப மாட்டிப் போற வாப்பா*
*தாண்டித் தாண்டிப் போறாவ.*

சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். 'வாப்பா, அது உங்களைப் புகழ்ந்து பாடினது இல்லை, ஊரெல்லாம் கூப்பிட வேண்டாம்' என்று காதருகே கத்தியிருக்கலாம், அதையும் கையால் காட்டியிருக்கலாம். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வந்திருக்கிற வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆறு மணிக்குள் அந்தப் பாட்டையே எடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தாள். பைத்தியக்காரப் பெண்!

வாப்பாவை ஜும்மாவுக்கு டாக்ஸி ஏற்றிவிட்டு, செம்பூருக்கு ஓடினாள்.

* * *

"கடைசிப் பாட்டை எடுத்துடு" என்றாள், வந்தனா கதவைத் திறந்ததுமே.

வந்தனா நடந்ததையெல்லாம் கேட்டாள். கேட்டு முடித்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

"அரே, இது நம்ம கையில இல்ல, ஃபர்ஸு. போன மாசமே எல்லா மியூசிக் ஆப்புக்கும் போயாச்சு. ஒரு பாட்டை மட்டும் எடுக்கணும்னா அஞ்சு வேலை நாள் ஆகும்னு போட்டிருக்கான்."

"அப்ப மொத்தத்தையும் நிறுத்து."

"மொத்த ஆல்பமா? பாகல் ஆயிட்டியா, பைத்தியமா? எட்டு மாசம் ரஜாய்க்குள்ள வெந்திருக்கே!"

"நிறுத்து வந்தனா."

வந்தனா லேப்டாப்பைத் திறந்து, ஆல்பத்தை வாங்கி விநியோகிக்கிற கம்பெனிக்கு எழுதினாள். அவசரம் என்று போட்டாள். ஃபோன் பண்ணினாள். ஒரு மிஷின் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. எதை அமுக்கினாலும் ஆள் வரவில்லை. நாலே முக்காலுக்கு ஒரு பதில் வந்தது. உங்கள் கோரிக்கை கிடைத்தது, திங்கட்கிழமை எங்கள் ஊழியர் உங்களைத் தொடர்பு கொள்வார்.

"திங்கக்கிழமை" என்று வந்தனா வாசித்தாள்.

ஃபர்ஸானா முகைதீனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. உம்மாவுக்கு அடித்தாள்.

"உங்க வாப்பாவுக்கு இன்னிக்கிக் கால் தரையில நிக்கலளா!" உம்மாவின் குரல் ஃபோனை விட்டு வெளியே குதித்தது. "ஜும்மாவுல ஒரு ஆள் பாக்கியில்ல, எல்லாருட்டயும் சொல்லியாச்சு. புதுச் சட்ட போட்டுக்கிட்டுப் போயிருக்காவ. என்னளா, அழுதியா?"

"உம்மா, அந்தப் பாட்டைப் போட வேண்டாம்னு முகைதீன் மாமாட்ட சொல்லுங்க."

"நான் எந்த முட்டிய வச்சுக்கிட்டுக் கடைக்குப் போவேன்? அதுவும் அத்தன ஆம்பளைங்க மத்தியில? ஏன் போட வேண்டாங்க? நல்ல பாட்டுத்தான?"

ஃபர்ஸானா ஃபோனை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏழு மணிக்கு இங்க கஃபேல உன் ப்ரோக்ராம்" என்றாள் வந்தனா. "நாப்பது பேர் வராங்க. உன் பாட்டைக் கேக்க மட்டும் வராங்க. நீ போனா நான் அவங்ககிட்ட என்ன சொல்ல?"

"தெரியல" என்றாள் ஃபர்ஸானா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்கால டிராஃபிக்கைப் பற்றி பம்பாய்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டோ சயானுக்கு வந்து சேரும்போதே ஆறு அடித்துவிட்டது. ஃபோன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வாழ்த்துகள். இதயங்கள். 'மெல்ல' வெளியாகிவிட்டது. ஒரு பெண் கலைஞரின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நிமிஷம் இல்லை என்பார்கள். ஃபர்ஸானா அந்த நிமிஷத்தில் சிக்னலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

* * *

முகைதீன் கடையில் உட்கார இடமில்லை. பெஞ்சில் ஆறு பேர், வாசலில் பத்துப் பேர், ஓரத்தில் கார்கானா ஆட்கள். எல்லோருக்கும் வாப்பா கணக்கில் டீ. அவர் நடுவில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கர் மேல் ஒரு கையை வைத்திருந்தார். அதிர்வு உள்ளங்கைக்குத் தெரிகிறது போலிருக்கிறது, பாட்டுக்குத் தகுந்தாற்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தாளம் தப்பாக இருந்தது.

எட்டாவது பாட்டு முடிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டா, எம்மவ வந்துட்டா!" வாப்பா அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "ஏளா, எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்காவ. அழுவாத மாதிரி அழுவுற குரலுங்கான் ஒருத்தன். அடுத்தது என் பாட்டு, இல்லியா?"

"முகைதீன் மாமா, நிறுத்துங்க" என்றாள் ஃபர்ஸானா. ஓடிவந்த மூச்சில் குரல் எழும்பவில்லை. கடை இரைச்சலில் யாருக்கும் அது கேட்கவில்லை. ஸ்பீக்கரை நோக்கிப் போகப் பார்த்தாள், வாப்பா அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு தொடங்கியது.

அது மெல்லிய பாட்டு. கிடார் ஒன்று, அவள் குரல் ஒன்று, அவ்வளவுதான். மெதுவாக இருந்ததால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். முகைதீன் அடுப்பைக் குறைத்தார். விடியும்போது சலாம் வச்சேன். வாசப்படியில கெடக்குது. ஒருத்தர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தாண்டித் தாண்டிப் போறாவ. பெஞ்சில் இருந்த பெரியவர் வாப்பாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கார்கானா ஆட்களில் இரண்டு பேர் நழுவி வெளியே போனார்கள்.

வாப்பா தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் முகத்தைப் படிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று காலையிலேயே பார்த்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தலை ஆட்டுவது நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்னவே, எல்லாரும் குனிஞ்சுட்டீங்க? சோகப் பாட்டா?"

பாட்டு முடிந்தது.

வாப்பா சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஃபர்ஸானாவின் கையில் கொடுத்தார்.

"என்ன பாடியிருக்கேன்னு எழுதிக் காட்டுளா. தமிழ்ல எழுது. தப்பா இருந்தாலும் வாப்பா படிச்சுக்கிடுவேன்."

இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். தன் பாட்டையே இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தாள். டீ மேஜை மேல் தாளை வைத்துக் குனிந்தாள். பாட்டை எழுதவில்லை. 'நான் தப்பா நினைச்சிட்டேன் வாப்பா' என்று எழுத நினைத்தாள். அதை எழுதிவிட்டால், அதை அவரே எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டால், ஒருவேளை, ஒருவேளை எல்லாம் சரியாகிவிடும். 'நா' போட்டாள். அடுத்த எழுத்து மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று கை தயங்கியது. கண்ணில் நீர் மறைத்தது.

அதற்குள் முகைதீன் அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார். முப்பது வருஷச் சிநேகிதம். கூடத் தொழுகிறவர், கூட நோன்பு திறக்கிறவர். அந்த உரிமையில் வந்த கோபம் அவருக்கு இருந்தது.

"ரஹ்மத்துல்லா!" என்றார், தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் போகிற அந்தத் தொண்டையில். "பெத்த மக சொன்ன சலாத்துக்கு எட்டு மாசமா பதில் சொல்லாத மனுசனாவே நீரு? அந்தப் பாட்டப் போடத்தான் எங்கள எல்லாம் கூப்புட்டீரா?"

ஃபர்ஸானா தலை நிமிர்ந்தாள். வாப்பாவின் கை ஸ்பீக்கரிலிருந்து கீழே இறங்கியது.

அன்றைக்கு முழுக்க அவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அதில் இது ஒன்றுதான் அவருக்கு ஒரு எழுத்து விடாமல் தெளிவாகக் கேட்டது.